சி.டி. எழுதும்போது நடுவில் தடைபட்டால் வட்டு முழுதும் ஏன் பாழாகிறது?

ஐந்துதோட்டத்து வாசகி எழுதியது:

வணக்கம். மும்பை மாட்டுங்காவில் வசிக்கிறேன். என் மாமனார் பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த கச்சேரி ஒலிநாடாக்களையெல்லாம் கணினியில் ஏற்றி முடித்துவிட்டேன். இனி அவற்றைச் சி.டி.யாக எழுதிக் கொடுக்க வேண்டும். "பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால் ஆகாதா?" என்று தயவுசெய்து யாரும் கேட்க வேண்டாம். எங்கள் பஜனை மண்டலிப் பெரியவர்களின் வீட்டில் இருப்பது சி.டி. பிளேயர். வட்டை உள்ளே வைத்துப் பொத்தானை அழுத்தத் தெரியும். அதற்குமேல் ஒன்றும் கற்றுக்கொள்ளும் உத்தேசம் அவர்களுக்கு இல்லை.

என்னிடம் இருப்பது யூ.எஸ்.பி. கம்பி வழியாக மடிக்கணினியில் இணைக்கும் மெல்லிய டி.வி.டி. ரைட்டர். மடிக்கணினியில் யூ.எஸ்.பி. துளைகள் போதவில்லை என்பதால் ஒரு ஹப் வாங்கி, அதில் ரைட்டர், பென்டிரைவ், மவுஸ் மூன்றையும் செருகியிருக்கிறேன். பாட்டுக் கோப்புகள் அந்தப் பென்டிரைவில்தான் இருக்கின்றன. வேகம் 24 மடங்கு என்று மென்பொருள் தானாகவே தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. சில வட்டுகள் ஒழுங்காக முடிகின்றன. சில நடுவழியில் "எழுதுவதில் பிழை" என்று நின்றுவிடுகின்றன. நின்றது நின்றதுதான். அதே வட்டை மறுபடி எழுதவும் முடிவதில்லை.

எனக்குப் புரியாதது இதுதான். பென்டிரைவுக்கு நகலெடுக்கும்போது வேகம் குறைந்தால் அது காத்திருக்கிறது, பிறகு தொடர்கிறது. சி.டி.க்கு மட்டும் அந்தப் பொறுமை ஏன் இல்லை? இணையத்தில் தேடினால் எல்லாரும் "பஃபர் அண்டர்ரன்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அப்படியென்றால் என்ன என்று விளக்குபவரைக் காணோம்.

சயான்காரன் பதில்:

எல்லாம் மலிவு வட்டின் வேலை. நல்ல வட்டாக வாங்குங்கள். வேகத்தை இருப்பதிலேயே குறைவானதாக வையுங்கள், 1 மடங்கு கிடைத்தால் 1 மடங்கு. வைரஸ் தடுப்பானை நிறுத்திவிட்டு எழுதுங்கள். நான் இப்படித்தான் செய்வேன், ஒருபோதும் கெட்டதில்லை.

லேமிங்டன் சாலைப் பழசு பதில்:

சயான்காரரே, வட்டின் மீது பழியைப் போடுவதற்கு முன்னால் அந்த அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுவோம். நல்ல கேள்வி அது. லேமிங்டன் சாலைக் கடைகளில் சி.டி. எழுதிக் கொடுத்தே வயிறு வளர்த்தவன் நான். எழுதத் தெரிந்தவர்கள் அங்கே நிறையப் பேர் இருந்தோம். ஏன் கெடுகிறது என்று கேட்டவர்கள் குறைவு.

அம்மா, ஹார்டு டிஸ்க்கில் ஒவ்வொரு செக்டாருக்கும், அதாவது தரவுத் துண்டுக்கும், தனி இடம் உண்டு. இந்தச் சுற்றில் எழுதத் தவறினால் அடுத்த சுற்றில் அதே இடம் மறுபடி எழுதும் தலைக்குக் கீழே வரும், அப்போது எழுதிக்கொள்ளலாம். பென்டிரைவில் சுற்றுவதற்கே எதுவும் இல்லை. சி.டி.யோ பாட்டுக்காகவே பிறந்தது. உள்ளிருந்து வெளிப்பக்கம் போகும் ஒற்றைச் சுருள். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே 1.6 மைக்ரான், நேராக நீட்டினால் 5 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். 1 மடங்கு வேகத்தில், அதாவது பாட்டுக் கேட்கும் வேகத்தில், வினாடிக்கு 75 செக்டார்கள் லேசரைக் கடந்து போகின்றன. பாட்டு என்றால் செக்டாருக்கு 2,352 பைட், அதாவது வினாடிக்கு 1,76,400 பைட். இதை 24ஆல் பெருக்குங்கள்: வினாடிக்கு 42 லட்சம் பைட்டுக்கு மேல், இடைவிடாமல் ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

முறுக்குப் பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள். கை சுற்றிக்கொண்டே இருக்கும்போது அச்சில் மாவு தீர்ந்துவிட்டால் அந்த இடத்தில் சுருள் அறுந்துவிடும். மாவை நிரப்பி மறுபடி தொடங்கினாலும், விட்ட நுனியிலேயே ஒட்டுவது எளிதல்ல. ரைட்டருக்குள் இருக்கும் பஃபர் என்கிற சிறு நினைவகம்தான் அந்த அச்சு. கணினி அனுப்பும் தரவு முதலில் அதில் சேர்கிறது, லேசர் அதிலிருந்து எடுத்து எழுதுகிறது. அனுப்புவது தாமதித்து அது காலியாவதைத்தான் பஃபர் அண்டர்ரன் என்கிறார்கள்.

"சரி, லேசர் அணைந்து காத்திருக்கட்டுமே" என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். எழுதும்போது லேசர் தன் சக்தியை உயர்த்தி வட்டின் சாயப் படலத்தைச் சுடுகிறது. சுட்ட இடம் ஒளியைக் குறைவாகத் திருப்பும், சுடாத இடம் நன்றாகத் திருப்பும். இரண்டும் சேர்ந்துதான் எழுத்து. வட்டு சுற்றிக்கொண்டிருக்கும்போது லேசர் அணைந்தால், படிக்கிற பிளேயருக்கு அது ஓய்வாகத் தெரியாது. பொருளில்லாத நீண்ட வெற்றிடமாகத்தான் தெரியும். சாயம் ஒருமுறை சுட்டால் சுட்டதுதான், அழித்துத் திருத்த முடியாது.

இரண்டாவது காரணம் இன்னும் சுவாரசியமானது. ஒரு செக்டாரின் பைட்டுகள் வட்டில் ஒரே இடத்தில் அடுத்தடுத்து உட்கார்வதில்லை. கீறல் விழுந்தாலும் பாட்டு பிழைக்க வேண்டும் என்பதற்காக, சி.ஐ.ஆர்.சி. என்ற முறையில் அவற்றைக் கலைத்து ஃபிரேம் என்ற சிறு துண்டுகள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றில் தூவிவிடுகிறார்கள். 98 ஃபிரேம் சேர்ந்தது ஒரு செக்டார். ஆகவே "இந்தச் செக்டார் இங்கே முடிகிறது" என்று வட்டில் கோடு கிழிக்க முடியாது. முன்னதும் பின்னதும் பின்னிக்கிடக்கும். சடாரென்று நின்றால், எழுதி முடித்ததாக நாம் நினைக்கும் கடைசிச் செக்டாரின் ஒரு பகுதி இன்னும் எழுதப்படவே இல்லை.

மூன்றாவதாக, விட்ட இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? வெற்று வட்டு உண்மையில் வெற்று வட்டு அல்ல. தொழிற்சாலையிலேயே அதில் சுருளாக ஒரு வரிப்பள்ளம் பதித்திருப்பார்கள். அது 22.05 கிலோஹெர்ட்ஸ் கணக்கில் மிக மெல்லிதாக நெளியும். அந்த நெளிவுக்குள் நேரக் குறிப்பு ஒளிந்திருக்கிறது, ஏ.டி.ஐ.பி. என்பது அதன் பெயர். இத்தனையாவது நிமிடம், இத்தனையாவது வினாடி, இத்தனையாவது செக்டார் என்பதுவரை அது ரைட்டருக்குச் சொல்லும். அந்தச் செக்டாருக்குள் எந்தப் பிட்டில் நின்றோம் என்பதை அது சொல்லாது. முறைப்படி நிறுத்தித் தொடங்க வேண்டுமானால் இணைப்புக்காக 7 செக்டார்களைத் தியாகம் செய்ய வேண்டும் என்றது ஆரஞ்சுப் புத்தகம் எனப்படும் பிலிப்ஸ், சோனி விதிமுறை. கோப்புகளை எழுதும்போது அதைச் சமாளிக்கலாம். கச்சேரி நடுவில் 7 செக்டார் என்பது வினாடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. பாடகர் இழைத்துக் கொண்டுவந்த கமகம் பாதியில் காணாமல் போகும். யாராவது ஒப்புக்கொள்வார்களா?

அந்தக் காலத்து ரைட்டர்களில் பஃபர் பலவற்றில் 2 மெகாபைட், சிலவற்றில் அதற்கும் குறைவு. 4 மடங்கு வேகத்தில் பாட்டு எழுதினால் 2 மெகாபைட் ஏறக்குறைய மூன்று வினாடி தாங்கும். 8 மடங்கில் ஒன்றரை வினாடி. விண்டோஸ் 98 ஓடுகிற கணினி ஒன்றரை வினாடி உறைந்துபோக என்ன வேண்டும்? ஸ்கிரீன்சேவர் எழுந்தால் போதும். வைரஸ் தடுப்பான் கண் விழித்தால் போதும். நினைவகம் போதாமல் ஹார்டு டிஸ்க்கை உருட்டத் தொடங்கினால் போதும். இதையெல்லாம்விடக் கொடியது, ஹார்டு டிஸ்க்கையும் ரைட்டரையும் ஒரே ஐ.டி.இ. பட்டைக் கம்பியில் மாஸ்டர், ஸ்லேவ் என்று மாட்டிவைப்பது. அந்தக் கம்பியில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பேச முடியும். ஒன்றிலிருந்து படித்து மற்றொன்றுக்கு அனுப்பும் வேலையில் இரண்டும் முறைவைத்துக் காத்து நிற்கும். கணினி கட்டித் தந்தவர்களில் பாதிப் பேர் கம்பி மிச்சம் என்று அப்படித்தான் மாட்டியிருந்தார்கள்.

ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகளோடு வரும் வாடிக்கையாளரைக் கண்டாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். ஒவ்வொரு கோப்பையும் தேடித் திறப்பதற்குள் பஃபர் வடிந்துவிடும். அதனால்தான் முதலில் ஐ.எஸ்.ஓ. என்ற ஒரே பெரிய கோப்பாகக் கட்டி ஹார்டு டிஸ்க்கில் வைத்துக்கொண்டு எழுதுவோம். லேசரின் சக்தியை உயர்த்தாமலேயே ஒருமுறை ஒத்திகை பார்க்கும் வசதியும் மென்பொருளில் உண்டு. அவசரக்காரர்கள் அதற்கு விடமாட்டார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது அந்தக் கணினியின் மவுஸை யாராவது தொட்டால் முதலாளி கத்துவார். ஒரு வெற்று வட்டின் விலை ஒருவேளைச் சாப்பாட்டைவிட அதிகமாக இருந்த காலம், கத்தாமல் என்ன செய்வார்? கெட்டுப்போன வட்டுகளைக் கயிற்றில் கோத்து ஜன்னலில் கட்டிவிடுவோம். கிராண்ட் ரோடு புறாக்கள் முதலில் கொஞ்சம் பயந்தன. பிறகு அதன்மேலேயே உட்காரத் தொடங்கின.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவும் 2000க்கு முந்தைய கதை. அந்த ஆண்டு சான்யோ நிறுவனத்தின் பர்ன்-புரூஃப் நுட்பத்தோடு பிளெக்ஸ்டர் 12 மடங்கு ரைட்டரை வெளியிட்டது. பிறகு ரிக்கோ ஜஸ்ட்லிங்க் என்றும், யமஹா சேஃப்பர்ன் என்றும் ஆளுக்கொரு பெயர் வைத்து அதையே கொண்டுவந்தார்கள். பஃபர் காலியாகும்வரை ரைட்டர் காத்திருப்பதில்லை. அளவு குறையும்போதே ஒழுங்கான ஓர் இடத்தில் நிறுத்தி, அந்த இடத்தைக் குறித்துக்கொள்கிறது. பஃபர் நிரம்பியதும் சற்றுப் பின்னே போய், தான் எழுதியதைத் தானே படித்துக்கொண்டே வருகிறது. எழுத்து முடியும் நுனியை எட்டியதும் லேசர் எழுதும் சக்திக்கு மாறுகிறது. ஏ.டி.ஐ.பி.யால் முடியாத துல்லியம், தன் எழுத்தையே அளவுகோலாக வைத்ததால் கிடைத்தது. இதைச் செய்தவரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

ஆகவே அம்மா, உங்கள் ரைட்டர் இன்றைய ரைட்டர் என்றால், தரவு தாமதித்து வந்ததற்காக மட்டும் வட்டு பாழாகாது. தாமதம் என்பது வேறு, துண்டிப்பு என்பது வேறு. நின்ற இடத்தை ரைட்டர் தன் நினைவில்தான் வைத்திருக்கிறது. அதற்கு வரும் மின்சாரம் ஒரு கணம் தாழ்ந்தால் அந்த நினைவு போய்விடும். கணினியும் "கருவியைக் காணோம்" என்று வேலையைக் கைவிட்டுவிடும். எனக்குச் சந்தேகம் உங்கள் ஹப்பின் மீதுதான். தனி அடாப்டர் இல்லாத ஹப் என்றால், மடிக்கணினியின் ஒரே துளையிலிருந்து வரும் மின்சாரத்தை மூன்று கருவிகளுக்குப் பங்கிடுகிறது. யூ.எஸ்.பி. 2.0 துளை தருவதாக ஒப்புக்கொண்டது 500 மில்லிஆம்பியர். மோட்டார் வேகமெடுக்கும் கணத்தில் மெல்லிய ரைட்டர்கள் அதைத் தாண்டிக் கேட்கும். சில ரைட்டர்களோடு இரண்டு தலையுள்ள கம்பி தருகிறார்களே, அது இதற்காகத்தான்.

நின்றுபோகும் தருணத்தில் கணினி "டிங்-டொங்" என்று, கருவியைப் பிடுங்கினால் வருமே, அந்த ஓசையை எழுப்பியதா? கெட்ட வட்டைப் பிளேயரில் போட்டால் என்ன காட்டுகிறது? இரண்டையும் சொல்லுங்கள்.

சயான்காரருக்கு ஒரு வார்த்தை. 1 மடங்கு வேகம் இன்றைய ரைட்டர்கள் பலவற்றில் கிடையாது. இன்றைய வட்டுகளின் சாயமும் வேகமாகச் சுடுவதற்கென்றே கலக்கப்பட்டது. மெதுவாகச் சுட்டால் நன்றாக வரும் என்ற நம்பிக்கை பழைய வட்டுகளோடு போய்விட்டது. 8 அல்லது 16 போதும்.

செம்பூர் பெங்குயின் பதில்:

லினக்ஸ் பக்கமிருந்து ஒரு சேர்க்கை. அங்கே சி.டி.ரெக்கார்ட் என்ற பழைய நிரல், ரைட்டரின் பஃபர் போதாதென்று கணினியின் நினைவகத்திலும் ஒரு வரிசையை வைத்துக்கொள்ளும். எழுதி முடித்ததும் அந்த வரிசை எத்தனை முறை காலியானது, மிகக் குறைந்தபட்சம் எத்தனை சதவீதம் நிரம்பியிருந்தது, பர்ன்-ஃப்ரீ (பர்ன்-புரூஃப் வகை நுட்பத்துக்கு அங்கே வைத்த பெயர்) எத்தனை முறை கைகொடுத்தது என்று கணக்கு ஒப்பிக்கும். வட்டு நன்றாக முடிந்திருந்தாலும் அந்தக் கணக்கைப் பார்ப்பேன். பர்ன்-ஃப்ரீ அடிக்கடி வேலை செய்திருந்தால் தரவு வரும் வழியில் ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிடும். கேட்டவருக்கு லினக்ஸுக்கு மாறச் சொல்லவில்லை, பயப்பட வேண்டாம். பாட்டுக் கோப்புகளைப் பென்டிரைவிலிருந்து மடிக்கணினிக்குள் நகலெடுத்துவிட்டு எழுதுங்கள். எம்.பி.3 என்றால் முன்கூட்டியே சுருக்காத வேவ் கோப்பாக மாற்றிக்கொள்ளுங்கள்.

ஐந்துதோட்டத்து வாசகி பதில்:

டிங்-டொங் ஓசை வந்தது! மவுஸ் போய் வருவதால் என்று நினைத்து விட்டுவிட்டேன். மவுஸின் விளக்கும் அந்தச் சமயம் அணைந்து எரிந்தது.

கெட்ட வட்டு பிளேயரில் விசித்திரமாக நடந்துகொள்கிறது. மொத்தப் பாட்டுகளின் எண்ணிக்கையும் நேரமும் சரியாகக் காட்டுகிறது. முதல் சில பாட்டுகள் அழகாக வருகின்றன. பிறகு ஒரு பாட்டின் நடுவில் நின்று, சுற்றிக்கொண்டே இருக்கிறது. எழுதாத பாட்டுகள் இருப்பதாக அதற்கு எப்படித் தெரிகிறது?

சயான்காரன் பதில்:

1 மடங்கு பற்றிச் சொன்னது ஒரு பக்கம் இருக்கட்டும், பழசு ஐயா. நிறுத்தி நிறுத்தி ஒட்டிய வட்டில் பாட்டு கேட்டால் அந்த ஒட்டு காதில் விழாதா? பர்ன்-புரூஃபை அணைத்துவிட்டு எழுதுவதுதான் இசைக்கு நல்லது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

லேமிங்டன் சாலைப் பழசு பதில்:

சொல்பவர்கள் சொல்லட்டும். ஒட்டில் விடுபடும் இடைவெளி மைக்ரான் கணக்கு. சி.ஐ.ஆர்.சி. ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் நீளக் கீறலையே முழுமையாகத் திருத்திவிடும். காதில் விழுகிறது என்பவரிடம் எந்த இடத்தில் என்று கேளுங்கள், வேறு எங்கோ காட்டுவார். இன்னொன்று: உயர்வேக ரைட்டர்கள் சில, வட்டை மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மண்டல எல்லையிலும் தாங்களாகவே நிறுத்தி, வேகத்தைக் கூட்டி, இதே நுட்பத்தால் ஒட்டித்தான் எழுதின. நீங்கள் குறையே இல்லாத வட்டு என்று போற்றிக் கேட்டதிலும் ஒட்டு இருந்திருக்கலாம். அதை அணைத்துவைப்பது தலைக்கவசத்தைக் கழற்றிப் பெட்ரோல் டாங்கின் மேல் வைத்துக்கொண்டு ஓட்டுகிற வேலை.

அம்மா, மவுஸ் விளக்கு அணைந்தது என்றீர்களே, அதுவே போதும். ஹப் முழுவதுமே ஒரு கணம் செத்துப் பிழைத்திருக்கிறது. ரைட்டரை நேராக மடிக்கணினியில் செருகுங்கள். கோப்புகளை உள்ளே நகலெடுத்த பிறகு பென்டிரைவுக்கு அங்கே வேலை இல்லை. மவுஸையும் அதுவரை கழற்றிவிடலாம். ரைட்டரோடு இரண்டு தலைக் கம்பி வந்திருந்தால் இரண்டையும் செருகுங்கள். மடிக்கணினி மின்கலத்தில் ஓடாமல் சார்ஜரில் இருக்கட்டும். தூங்கப் போகும் அமைப்பை நிறுத்திவையுங்கள்.

பிளேயருக்கு எப்படித் தெரிகிறது என்ற கேள்விக்கு: வட்டின் உள்விளிம்பில் லீட்-இன் என்ற பகுதி உண்டு, பாட்டுகளின் பட்டியல் அங்கேதான் இருக்கிறது. உங்கள் மென்பொருள் டிஸ்க்-அட்-ஒன்ஸ் முறையில் எழுதுகிறது. அந்த முறையில் பட்டியலை முதலில் எழுதிவிட்டு, லேசரை நிறுத்தாமல் கடைசிவரை போகும். அதனால் பாதியில் செத்த வட்டிலும் முழுப் பட்டியல் இருக்கிறது. பிளேயர் அதை நம்பி, இல்லாத பாட்டைத் தேடிச் சுற்றுகிறது. டிராக்-அட்-ஒன்ஸ் முறை என்றால் பாட்டுக்குப் பாட்டு நிறுத்தி, பட்டியலைக் கடைசியில்தான் எழுதும். அதில் பாதியில் போன வட்டைப் போட்டால் வழக்கமாக "வட்டு இல்லை" என்றே பிளேயர் சொல்லிவிடும்.

டிராக்-அட்-ஒன்ஸ் பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் மாறிவிடாதீர்கள். அதில் பாட்டுகளுக்கு இடையே 2 வினாடி மௌனம் விழும். ராகம் தானம் பல்லவியை மூன்று டிராக்காகப் பிரித்திருப்பீர்கள் அல்லவா? தானம் முடிந்து பல்லவி எடுக்கும் இடத்தில் தம்பூராவும் சேர்ந்து அறுந்து, 2 வினாடி கழித்து மறுபடி தொடங்கும். உங்கள் மண்டலிப் பெரியவர்கள் அதற்கு வட்டையே திருப்பி அனுப்பிவிடுவார்கள். விண்டோஸில் இம்ஜ்பர்ன், லினக்ஸில் கே3பி, இரண்டும் இலவசம், இரண்டிலும் டிஸ்க்-அட்-ஒன்ஸ் உண்டு.

பாட்டுச் சி.டி.யை எழுதி முடித்ததும் கணினியில் மட்டும் போட்டுப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். இருப்பதிலேயே பழைய பிளேயர் எவர் வீட்டில் இருக்கிறதோ அங்கே கொண்டுபோய், கடைசிப் பாட்டின் கடைசி நிமிடத்தைக் கேளுங்கள். வெளிவிளிம்பு அங்கே ஒழுங்காக ஓடினால் மீதிப் பேருக்கும் எழுதிக் கொடுக்கலாம்.

ஐந்துதோட்டத்து வாசகி பதில்:

ஹப்பைக் கழற்றிவிட்டு 16 மடங்கில் எழுதினேன். முழுதாக முடிந்தது, டிங்-டொங் வரவில்லை. இரண்டு தலைக் கம்பியும் பெட்டியிலேயே பிரிக்காமல் கிடந்தது. பல்லவிக்கு முன்னால் இடைவெளி இல்லை, கேட்டுவிட்டேன். பழைய பிளேயர் சயானில் ஒரு மாமி வீட்டில் இருக்கிறது, நாளைக்கு எடுத்துப் போகிறேன். பெங்குயின் சொன்னபடி எம்.பி.3 எல்லாவற்றையும் வேவ் ஆக்கியதில் மடிக்கணினியில் இடம் போதவில்லை. பாதியை எழுதி முடித்து அழித்துவிட்டு மீதியை ஏற்ற வேண்டும்.